ஆறு மணிக்கு மேல் ஓடாத பஸ்

1993 அக்டோபர் 4, திங்கள்

"ரன்" என்ற சொல் ஆல்டன் ஃபிஸ்க்கிடம் போய்விட்டது. எனக்கு வரும் என்று மூன்று மாதமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஆசிரியர் குழுத் தலைவி பிரெண்டா கோவல் காலையில் ஒரு பிங்க் சீட்டு அனுப்பினார். "ரன்: எழுதுவது ஆ.ஃபி., சரிபார்ப்பது லொ.பெ." லொ.பெ. நான்தான், லொரெய்ன் பெல்கி. இருபத்திரண்டு வருடமாக இந்த ஆங்கில அகராதி அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதைச் சரிபார்க்கிறேன். இதையும் சரிபார்த்தால் தேய்ந்துவிட மாட்டேன்.

மதியம் தள்ளுவண்டியில் பதினேழு பெட்டிகள் வந்தன. உள்ளே சீட்டுகள். ஒவ்வொன்றிலும் எங்கோ யாரோ பத்திரிகையிலோ புத்தகத்திலோ அந்தச் சொல்லைப் போட்டு எழுதிய ஒரு வாக்கியம். படித்துப் படித்துக் குவியலாகப் பிரிக்க வேண்டும். எத்தனை குவியலோ அத்தனை அர்த்தம். குதிரை ஓடுவது, ஆறு ஓடுவது, மெஷின் ஓடுவது, நாடகம் இரண்டு வருடம் ஓடுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, மூக்கு ஒழுகுவது, காலுறையில் நூல் பிரிவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். போன பதிப்பில் நூற்று எழுபத்தெட்டு அர்த்தம்.

ஆல்டன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். போன பதிப்பில் இதைச் செய்தவருக்குச் சீட்டு அடுக்கிக் கொடுத்தவர் அவர். அடுத்தது தனக்கு என்று முப்பது வருடம் காத்திருந்தார். அதனால் என் பொறாமையை வாயைவிட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, இந்த மாடியில் பேசக் கூடாது. நான் பிறப்பதற்கு முன்பே வந்த விதி. எதுவானாலும் பிங்க் சீட்டில் எழுதி, கீழே பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டு அனுப்ப வேண்டும்.

அக்டோபர் 19

ஆல்டன் எழுதிய அட்டைகளின் முதல் கட்டு வந்தது. அர்த்தங்களைப் பிரித்த விதத்தில் குற்றம் சொல்ல முடியாது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் படுத்துகின்றன.

அவற்றை நாங்களே எழுதுவோம். எவ்வளவு சலிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பெயர் கூடாது, சிரிப்பு கூடாது, அடுத்து என்ன ஆயிற்று என்று படிப்பவருக்குத் தோன்றவே கூடாது. தோன்றினால் சொல்லை விட்டுவிட்டுக் கதைக்குப் போய்விடுவார். இது ஆல்டனுக்குத் தெரியாதா என்ன? என்னைவிட அவர்தான் இதில் கண்டிப்பு என்று பெயர்.

அவர் எழுதியிருப்பது: "கைப்பிடிக் கம்பியில் விரலை ஓட்டிக்கொண்டே இறங்கினார், படிகளை எண்ணியபடி."

"படிகளை எண்ணியபடி" என்பதை அடித்தேன். பிங்க் சீட்டு: "இது கதை அல்ல. லொ.பெ."

அக்டோபர் 28

"அந்த நோய் அவர் தாய் வழியில் ஓடி வருவது." நோயை எடுத்துவிட்டுச் சிவப்பு முடியை வைத்தேன். சிவப்பு முடிக்காக யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

"இந்த வாரம் மூன்றாவது முறையாகக் கதவு நிலையில் மோதிக்கொண்டார்." மூன்றாவது முறையை அடித்தேன்.

"தெருமுனையில் 'நில்' என்ற நிறுத்தப் பலகையைக் கவனிக்காமல் ஓட்டிப் போனவர், மறுநாள் நடந்து போய் அது அங்கே இருப்பதை உறுதி செய்துகொண்டார்." முழுவதையும் அடித்தேன். வயதான காலத்தில் நாவல் எழுத ஆசை வந்துவிட்டதா இந்த மனிதருக்கு?

நவம்பர் 2

இங்கிலாந்துப் பத்திரிகைகளிலிருந்து ஒரு கட்டு. கிரிக்கெட். ஐந்து நாள் ஆடுகிறார்கள், நடுவில் டீ குடிக்கிறார்கள், கடைசியில் யாரும் ஜெயிப்பதில்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கில் ரன் எடுக்கிறார்கள். எதற்கு என்று ஒரு சீட்டிலும் இல்லை.

நவம்பர் 11

விடுமுறை. இலைகளை வாரினேன். யாரோடும் பேசவில்லை. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியது.

நவம்பர் 23

ஆல்டன் இப்படிச் செய்வார் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். குதிரைப் பந்தயக் குவியலுக்குள் நாற்பத்தோரு மீன் சீட்டுகள். வசந்தத்தில் கடல் மீன் ஆற்றில் ஏறுவதற்கும் எங்கள் ஊரில் அதே சொல்தான். நம் ஆற்றிலேயே மே மாதம் ஷாட் மீன் ஏறுகிறது, சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் பந்தயக் குதிரையோடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

நேற்றுச் சேர்ந்த ஆள் செய்கிற தப்பு என்று பிங்க் சீட்டில் எழுதிவிட்டேன். அவர் கையெழுத்தும் பெரிதாகிவிட்டது. ஒரு அட்டைக்கு நான்கு வரிதான் பிடிக்கிறது. அட்டையை வீணடிக்கிறார் என்று அதையும் ஒரு சீட்டில் எழுதினேன். ஏன் இப்படி இருக்கிறேன்?

டிசம்பர் 7, செவ்வாய்

மதியத்துக்குப் பிறகு ஒரு அட்டையையும் சரிபார்க்கவில்லை.

இங்கே எதையும் எறிவதில்லை. தள்ளுபடி செய்த அட்டைகளையும், திருத்திப் புதிதாக எழுதியபின் மிஞ்சும் பழைய அட்டைகளையும் கறுப்பு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்குப் பின்னால் வைத்து, கடைசியில் நிலவறைக்கு அனுப்புவோம். இன்று ஆல்டனின் தள்ளுபடி அட்டைகளை எண்ண எடுத்தேன். அறுபத்திரண்டு. எண்ணும்போது வரிசையாகப் படித்துவிட்டேன்.

படிகளை எண்ணியபடி. மூன்றாவது முறையாகக் கதவு நிலையில். தாய் வழியில் ஓடி வரும் நோய். "வரிகள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலந்தன, அவர் புத்தகத்தை மூடி வைத்தார்." "நாட்கள் ஓடுகின்றன, பெட்டிகள் அப்படியே இருக்கின்றன." "மருத்துவர் ஒரு சின்ன விளக்கை அவர் முகத்தின் குறுக்கே ஓட்டினார்."

அந்த நிறுத்தப் பலகை.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அறுபத்திரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அறுபத்திரண்டு தடவையும் நான் அடித்துவிட்டு, இது கதை அல்ல என்று எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 8

கோட்டு மாட்டும் இடத்தில், மாடிப்படித் திருப்பத்தில் அவரை நிறுத்தினேன். அங்கே மெதுவாகப் பேசினால் மேலே கேட்காது.

"ஆல்டன், உங்களுக்குக் கண்ணுல என்ன?"

ஒரு பொத்தானைப் போட்டு முடித்தார். "எவ்வளவு நாளா தெரியும்?"

"நேத்துலேர்ந்து."

"ரெண்டு மாசமா என் அட்டையப் படிக்கற. இவ்வளவு மெதுவா படிக்கறவளையா சரிபார்க்க வச்சிருக்காங்க?"

நடுவில் தெரிவதில்லையாம், ஓரங்கள்தான் தெரிகின்றன. அம்மாவுக்கும் இதே. ஒன்றரை வருடமாகிறது, பூதக்கண்ணாடி வைத்து ஓட்டியிருக்கிறார், இப்போது அதுவும் போதவில்லை. பிரெண்டாவுக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ரன் பாதியில் நிற்கும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

"யார்கிட்டயும் சொல்லலைன்னா அந்த வாக்கியமெல்லாம் ஏன் எழுதினீங்க?"

"எந்த வாக்கியம்?" உண்மையாகவே விழித்தார். நான் நாலைந்தைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டார். "வாரத்துக்கு முப்பது வாக்கியம் எழுதணும், லொரெய்ன். கைக்கு வந்தத எழுதறேன். எல்லாரும் அப்படித்தான். நீ மட்டும் என்ன?"

"நான் என்ன எழுதினேன்?"

"எண்பத்தேழுல ஆள் இல்லாம உன்னையும் எழுத விட்டாங்களே. 'நாற்காலி'ங்கற சொல் உன்னோடது, சரிபார்த்தது நான். 'மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருந்தன, அவள் ஒன்றில்தான் எப்போதும் உட்கார்ந்தாள்.' பின்பாதிய அடிச்சேன். உன் வீட்டுக்காரர் உன்ன விட்டுட்டுப் போயிட்டார்னு எனக்கு அப்பவே தெரியும்."

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருடமாக இந்த மனிதர் தினமும் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அதனால்தானா? கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"கார் சாவியக் குடுங்க."

"என்ன?"

"நீங்க ஓட்டக் கூடாது. நீங்க வர்ற வழியில இருக்கறது ஒரே நிறுத்தப் பலகை, அதுக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு."

அவர் முகம் மாறியது. "அகராதியச் சரிபாரு, லொரெய்ன். என்னைச் சரிபார்க்காத." கம்பியில் விரலை ஓட்டிக்கொண்டே இறங்கிப் போனார். பதினாறு படி. நானும் எண்ணினேன்.

டிசம்பர் 9

பனி. அவர் கார் கோணலாக இரண்டு கார் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

டிசம்பர் 14

பிரெண்டாவிடம் சொல்ல வேண்டும். ஒரு வாரமாகப் பிங்க் சீட்டை எடுத்து எடுத்து வைக்கிறேன். சொன்னால் ஆல்டனை அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் ரன் யாருக்கு வரும்? எனக்குத்தான். பாதி முடிந்து, அழகாகப் பிரித்து, தட்டில் வைத்த மாதிரி வரும்.

நான் சொல்லத் தயங்குவது அவருக்காகவா? அல்லது சொன்னால் என் ஆசைக்காகச் சொன்னேன் என்று ஆகிவிடும் என்றா? பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கு இந்த வித்தியாசத்தால் என்ன பயன் — யாராவது அடிபட்டால் நான் சரிபார்க்கவில்லை என்றா சொல்வேன்? என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதற்கு மேல் பொறுக்க மாட்டேன்.

டிசம்பர் 16, வியாழன்

மதியம் என் மேஜையில் அவருடைய அட்டை ஒன்று இருந்தது. அர்த்தம்: வண்டி குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட வழியில் போய் வருதல். எடுத்துக்காட்டு, பெரிய பெரிய எழுத்தில், நான்கு வரிக்கு:

"அந்த பஸ் ஆறு மணிக்கு மேல் ஓடாது."

மூன்று முறை படித்தேன். அடிக்க ஒன்றும் இல்லை. பெயர் இல்லை, கதை இல்லை, இதைவிடச் சலிப்பாக யாராலும் எழுத முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கார் நிறுத்துமிடத்தில் அவர் கார் இல்லை. அவரோ இப்போதெல்லாம் ஆறேகால் வரை உட்கார்ந்தால்தான் அன்றைய வேலை முடிகிறது.

"சரி. லொ.பெ." என்று எழுதி அனுப்பினேன்.

ஆறேகாலுக்கு வாசலில் காரை நிறுத்தி ஹீட்டரைப் போட்டு வைத்தேன். அவர் வந்து கதவைத் தடவிப் பிடித்து ஏறினார். இரண்டு தெரு தாண்டினோம்.

"காரைத் தங்கச்சி பையனுக்குக் குடுத்துட்டேன்," என்றார். "அவன் என்னைவிட மோசமா ஓட்டறான். ஆனா பலகை கண்ணுக்குத் தெரியுது."

"நல்லது பண்ணீங்க."

"நல்லதெல்லாம் இல்ல. முந்தாநாள் ஒரு தபால் பெட்டிய சாய்ச்சுட்டேன். எறங்கிக் கையால தடவித்தான் அது பெட்டின்னு தெரிஞ்சுது. வேற ஏதாவதா இருந்திருந்தா?"

அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, நாளை முதல் மதியம் சீட்டுகளை நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன். எங்கே, மாடியில் பேச முடியாதே என்றார். இந்தக் காரில் என்றேன்.

1994 ஜனவரி 12

மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் காரில். நான் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே சீட்டைப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு "ஏழு பி" என்று குவியலின் எண்ணைச் சொல்வார், "இல்ல, அது புதுசு, தனியா வை" என்பார். நூற்றுத் தொண்ணூறு குவியலும் அவர் தலைக்குள் இருக்கின்றன. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. ஹீட்டர் ஓட வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும், அதுவும் ஒரு அர்த்தம்.

இன்று சொல்லின் பிறப்பைப் பற்றிய குறிப்பு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இது ரெண்டு வினை. தானா ஓடறதுக்கு ஒண்ணு. இன்னொன்ன ஓட வைக்கறதுக்கு ஒண்ணு, குதிரைய ஓட்டறது மாதிரி. காலப்போக்குல ரெண்டும் ஒட்டிப் போச்சு. வடக்கேர்ந்து கப்பல்ல வந்தவங்களோட சொல்லும் வந்து மேல விழுந்துது. இப்ப எது எதுலேர்ந்து வந்ததுன்னு பிரிக்க முடியாது."

"முழுசாவா?"

"முழுசா. அவன் ஓடறானா, ஓட்டறானா, ஓட்டப்படறானான்னு பக்கத்துல இருக்கற சொல்ல வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்." கொஞ்ச நேரம் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். "ஒன்றரை வருஷமா நான்தான் ஓட்டறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

நான் அடுத்த சீட்டை எடுத்தேன். முதல் வரியை இரண்டு முறை படித்தேன்.

பிப்ரவரி 3, வியாழன்

மாட்டிக்கொண்டோம்.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். பிரெண்டா, பனித் தொப்பியோடு. கண்ணாடியை இறக்கப் போனேன், அவர் பின்கதவைத் திறந்து சீட்டுப் பெட்டியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"கதவ சாத்துங்க, குளிருது," என்று தனக்குத் தானே சொல்லிச் சாத்திக்கொண்டார். "ஆறு வாரமா ஆல்டனோட அட்டையெல்லாம் லொரெய்ன் கையெழுத்துல வருது. என் கண்ணுக்குப் படாதுன்னு நெனச்சீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். ஆல்டன் என் கையைத் தொட்டு நிறுத்தினார். அவரே சொன்னார், எல்லாவற்றையும், அம்மாவிலிருந்து தபால் பெட்டி வரை. சொல்லி முடித்ததும், "வேணும்னா லொரெய்ன்கிட்ட குடுத்துடுங்க. அவ என்னைவிட நல்லா முடிப்பா," என்றார்.

நான்கு மாதத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் துள்ளியிருப்பேன்.

"எனக்கு வேண்டாம்," என்றேன். "இவர் முடிக்கட்டும்."

பிரெண்டா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மேல இருக்கறவங்ககிட்ட இதை நான் மறைக்க முடியாது, ஆல்டன். இந்த 'ஆர்' எழுத்து முடியறப்போ உங்கள வீட்டுக்கு அனுப்பச் சொல்வாங்க. அதுவரைக்கும் ரன் உங்களோடது, அதுக்கு நான் பொறுப்பு." பிறகு என்னைப் பார்த்தார். "கார்ல உக்காந்து ரெண்டு பேரும் புகையக் குடிச்சு சாக வேண்டாம். கீழ நிலவறையில, தள்ளுபடி அட்டை வைக்கற எடத்துல மேஜை இருக்கு. அங்க பேசுங்க."

"சத்தம் மேல கேட்டா?" என்றேன்.

"பழைய பைப். தண்ணி ஓடற சத்தம்னு சொல்லிக்கறேன்."

மார்ச் 8

இருநூற்று ஆறு அர்த்தம் ஆயிற்று. நிலவறையில் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கோட்டு இல்லாமல் உட்கார முடிகிறது. முப்பது வருடத்துத் தள்ளுபடி அட்டைகள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. என் நாற்காலியின் பின்பாதியும் இங்கேதான் எங்கோ இருக்கும். தேடவில்லை.

ஏப்ரல் 16, சனி

அலுவலக நேரம் போதவில்லை என்று ஆல்டனை வீட்டுக்கு வரச் சொன்னேன். சோள சூப் வைத்தேன். சமையலறையில் ஒரு நாற்காலிமேல் துணிக் குவியல் இருந்தது, எத்தனை வருடமாக என்று தெரியாது. எடுத்து அலமாரியில் வைத்தேன்.

சூப்பில் உப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மே 20, வெள்ளி

முடிந்தது. இருநூற்றுப் பதினெட்டு. கடைசிச் சீட்டு மீன்.

கடைசி அட்டையைக் கட்டுவதற்கு முன் கறுப்பு ரப்பர் பேண்டைப் பிரித்து ஒரே ஒரு அட்டையை எடுத்தேன். படிகளை எண்ணியபடி. நான் போட்ட கோட்டை ரப்பரால் அழித்து, அதைக் கட்டுக்குள் திரும்ப வைத்தேன். பிரெண்டாவுக்கு ஒரு பிங்க் சீட்டு: "விதிக்கு முரண். தெரியும். லொ.பெ." சீட்டு திரும்பி வரவில்லை. அட்டை அச்சுக்குப் போய்விட்டது.

அவருக்கு இன்று கடைசி நாள். மாடியில் யாரும் பேசவில்லை, ஆனால் அவர் போகும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாற்பது நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோய் விடாமல் அணைக்கட்டுக்கு ஓட்டினேன். அங்கே மீன் ஏறுவதைப் பார்க்கத் தண்ணீருக்குக் கீழே ஒரு ஜன்னல் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஷாட் மீன்கள் வந்துகொண்டே இருந்தன.

"தெரியுதா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். "நேராப் பார்த்தா ஒண்ணும் இல்ல. இப்படி நின்னா, ஓரத்துல வெள்ளையா ஏதோ போகுது. போய்க்கிட்டே இருக்கு." அப்படியே அரைமணி நேரம் நின்றார். பிறகு சொன்னார், "இதைப் போயி குதிரையோட போட்டிருக்கேன் பாரு."

அழுதேன். அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். காரில் ஏறியதும் கைக்குட்டையை நீட்டினார்.

ஜூலை 18, திங்கள்

அடுத்த எழுத்தான 'எஸ்' தொடங்கிவிட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகு என்னை எழுதவும் விட்டிருக்கிறார்கள். பெரிய சொல் எல்லாம் இல்லை, ஒரே அர்த்தம், ஒரே குவியல். சனிக்கிழமை.

எடுத்துக்காட்டுக்கு வெகுநேரம் யோசிக்கவில்லை. கைக்கு வந்ததை எழுதினேன்: "சனிக்கிழமைகளில் அவள் அவருக்குப் படித்துக் காட்டுகிறாள்."

மாலையில் பிரெண்டாவின் பிங்க் சீட்டு வந்தது. "சலிப்பாக இருக்கிறது. அப்படியே போகட்டும். பி.கோ."